பீலி மறைந்த பின்: காரின் கூரைக்கும் கொக்கிக்கும் இடையே மிதிவண்டி

மிதிவண்டியைக் காரில் ஏற்றிச் செல்ல விரும்புவோருக்கு இரண்டு முதன்மையான வழிகள் சொல்லப்படுகின்றன. ஒன்று, கூரைமேல் பொருத்தும் தாங்கி. மற்றொன்று, காரின் பின்னடியில், இழுவை வண்டியைக் கோப்பதற்கென அமைந்த கொக்கியில் செருகும் தாங்கி. ஆங்கிலம் ‘ஹிட்ச்’ என்பது இந்தக் கொக்கியைத்தான். விற்பனையாளர்களின் கையேடுகள் இதனை வாங்குபவரின் விருப்பமாகவே முன்வைக்கின்றன. எத்தனை வண்டிகள் ஏற்ற வேண்டும், எவ்வளவு உயரம் தூக்க இயலும், எவ்வளவு செலவிட முடியும் என்று கேட்டு ஒரு விடையை எடுத்துத் தருகின்றன. ஆனால் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் கூரை இயல்பான இடமாக இருந்ததற்கும், இன்று வட அமெரிக்காவில் கொக்கி அந்த இடத்தைப் பெருமளவு பிடித்திருப்பதற்கும் வாங்குவோரின் விருப்பம் மட்டும் காரணமன்று. மிதிவண்டியைப் பற்றி நினைத்தே பார்க்காத சிலர், முற்றிலும் வேறொரு நோக்கத்துடன் எடுத்த முடிவுகள் அந்த மாற்றத்தின் பெரும்பகுதியை விளக்குகின்றன.

தொழில்நுட்ப வரலாறு படிப்பவர்களுக்கு மிதிவண்டி பழகிய எடுத்துக்காட்டு. டிரெவர் பிஞ்ச்சும் வீபே பைக்கரும் 1984இல் வெளியிட்ட கட்டுரையில், உயரச் சக்கர வண்டியிலிருந்து இன்றைய வடிவத்துக்கு மிதிவண்டி வந்த வழியை, அதனோடு தொடர்புடைய சமூகக் குழுக்களின் இழுபறியாக விளக்கினர். பந்தயக்காரர், பெண்கள், முதியோர் என ஒவ்வொரு குழுவும் அந்தப் பொருளில் வெவ்வேறு சிக்கலைக் கண்டது. வெவ்வேறு தீர்வைக் கோரியது. வகுப்பறையில் நாம் பலமுறை திருப்பிச் சொல்லும் செய்தி இது. அதே மிதிவண்டியைச் சுமக்கும் தாங்கியின் வரலாற்றுக்கு இந்தச் சட்டகத்தைப் பொருத்தினால் அது சற்றுத் தடுமாறுகிறது. முடிவு எடுக்கப்பட்ட மேசையில் மிதிவண்டிக்காரர் என்ற குழுவே இருக்கவில்லை.

கதை ஒரு தகட்டு விளிம்பில் தொடங்குகிறது. பழைய கார்களில் கூரைத் தகடும் பக்கத் தகடும் சேரும் பற்றுவைப்பு, கதவுகளுக்கு மேலே ஒரு சிறு மடிப்பாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வீட்டுக் கூரையோரத்தில் மழைநீர் வடிவதற்குப் பொருத்தும் தகரப் பீலியைப் போன்றது அது, வேலையும் அதுவே. கதவைத் திறக்கும்போது கூரை நீர் உள்ளே சொட்டாமல் தடுத்தது. இதனை இங்கே பீலி என்றே அழைக்கிறேன். ஒன்றுக்கு மேற்பட்ட எஃகுத் தகடுகள் சேர்ந்து பற்றவைக்கப்பட்ட இடமாதலால் அது உறுதியாகவும் இருந்தது. வோக்ஸ்வேகன் பீட்டிலில் இருந்தது, வால்வோவில் இருந்தது, 1958 முதல் நம் சாலைகளில் ஓடிய அம்பாசடரிலும் இருந்தது. ஆகவே பீலியைக் கவ்விப் பிடிக்கும் ஒரு பிடியைச் செய்துவிட்டால், கார் எந்த நிறுவனத்தினுடையது என்று பெரும்பாலும் கேட்க வேண்டியதில்லை. எந்தக் குழுவும் கூடி வகுக்காத ஒரு பொதுத்தரம் இவ்வாறு தற்செயலாக உருவாகிவிட்டது.

தாங்கித் தொழில் வளர்ந்தது அந்தப் பொதுத்தரத்தின் மேல்தான். சுவீடனின் ஹில்லர்ஸ்டோர்ப் என்னும் ஊரில் எரிக் தூலின் 1942இல் நிறுவிய தூலே நிறுவனம் முதலில் செய்தது மீன் பிடிக்கும் பொறி. கூரைத் தாங்கிக்கு அது வந்தது அறுபதுகளில், பனிச்சறுக்கு மட்டைகளுக்காக. அமெரிக்காவின் யாக்கிமா நிறுவனமும் அப்படித்தான்: எழுபதுகளில் கயாக் படகுகளுக்குக் கால்தாங்கிகள் செய்துகொண்டிருந்த சிறு பட்டறை அது, பின்னர் கைமாறிக் கலிபோர்னியாவுக்கு இடம்பெயர்ந்து கூரைத் தாங்கிகளுக்குப் பெயர்பெற்றது. மட்டை, படகு, மிதிவண்டி என்று மேலே ஏறிய பொருள் மாறினாலும் கீழே பிடித்த இடம் மாறவில்லை. 1973இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 1.5 கோடி மிதிவண்டிகள் விற்ற அந்தப் பெரும் அலையின்போது, அவற்றை ஊருக்கு வெளியே கொண்டுசெல்ல விரும்பியவருக்குக் கூரை ஆயத்தமாக இருந்தது.

அந்த ஆண்டின் இறுதியில்தான் எண்ணெய் நெருக்கடியும் வந்தது. அதன் விளைவாக 1975இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய எரிசக்திச் சட்டம், கார் நிறுவனங்கள் விற்கும் வண்டிகளின் சராசரி எரிபொருள் திறனுக்கு ஒரு கீழெல்லையை விதித்தது. 1978ஆம் ஆண்டு வகைகளுக்குக் கேலனுக்கு 18 மைல், 1985க்கு 27.5 மைல். எடையைக் குறைப்பது ஒரு வழி. காற்றின் தடையைக் குறைப்பது இன்னொரு வழி. காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பார்த்தபோது, பீலி வெளியே நீட்டிய ஒரு தேவையற்ற விளிம்பு. காற்றின் ஓட்டத்தைக் கலைத்தது, இரைச்சலையும் எழுப்பியது. எண்ணெய் விலையால் தாக்குண்ட ஐரோப்பாவிலும் கணக்கு இதுவே. 1982இல் வந்த ஆடி 100, கண்ணாடிகளை உடலோடு சமமாகப் பதித்துத் தடைக் கெழுவை 0.30க்குக் கொண்டுவந்ததாகப் பெருமையுடன் அறிவித்தது. 1983ஆம் ஆண்டு வகை போர்டு தண்டர்பேர்டில் கதவின் மேல்விளிம்பு, விமானக் கதவைப் போலக் கூரைக்குள்ளேயே வளைந்து சென்றது. அவ்வாறு கதவு அமைந்தால் வெளியே தெரியும் பீலிக்கு இடமில்லை. எண்பதுகள் முடிவதற்குள் பெரும்பாலான புதிய கார்களிலிருந்து அது மறைந்துவிட்டது.

தாங்கி செய்வோருக்கு இது பெருங்குழப்பம். கதவின் இடுக்கில் கொக்கிபோல் நுழைந்து கூரையின் வளைவில் அமரும் புதிய பிடிகளைச் செய்தார்கள். ஆனால் ஒவ்வொரு காரின் வளைவும் வேறு, இடுக்கும் வேறு. எனவே ஒவ்வொரு வகைக்கும், சில வேளை ஒரே வகையின் வெவ்வேறு ஆண்டுகளுக்கும்கூட, தனித்தனி எண்ணிட்ட பொருத்துத் தொகுப்புகள் வந்தன. கடையில் ஒரு தடித்த அட்டவணையைப் புரட்டாமல் எதையும் வாங்க இயலாத நிலை. காரை மாற்றினால் தாங்கியின் கால்களையும் மாற்ற வேண்டும். மொழியியல் படித்த கண்ணுக்கு, ஒரு சந்தைப் பொதுமொழி இருபதாண்டுகளில் ஒன்றுக்கொன்று புரியாத கிளைகளாகச் சிதறியது போலத் தெரிகிறது. ஒப்புமையை இதற்குமேல் இழுக்க விரும்பவில்லை.

இந்தக் கதையில் என்னை மிகவும் ஈர்ப்பது அதே சட்டத்தின் மறுபக்கம். 1975ஆம் ஆண்டின் கட்டமைப்பு பயணக் கார்களையும் இலகு சரக்கு வண்டிகளையும் பிரித்தே வைத்தது. இரண்டாம் வகைக்கு விதித்த எல்லை தளர்வானது. உழவரையும் சிறுதொழில் செய்வோரையும் கருதி வைத்த அந்த வாசல் வழியாகக் குடும்ப வண்டிகள் நுழைந்தன. சரக்கு வண்டியின் அடிச்சட்டத்தில் இருக்கைகளைப் பொருத்தி, போர்டு 1990இல் எக்ஸ்புளோரரைக் கொண்டுவந்தது. பெட்ரோல் மலிவாக இருந்த அந்தப் பத்தாண்டில் அவ்வகை வண்டிகள் அமெரிக்க வீடுகளின் முற்றங்களை நிறைத்தன. மலிவு விலையும் விளம்பரமும் இதில் பங்கு கொண்டன. சட்டத்தை மட்டும் காரணம் சொல்வது மிகை. ஆயினும் விளைவு தெளிவு. கூரை ஏறத்தாழ ஆளுயரத்துக்குப் போனது. அதன்மேல் மிதிவண்டியை ஏற்றக் கதவுப் படியில் ஏறி நின்று தலைக்கு மேலே தூக்க வேண்டியிருந்தது. அதே வண்டிகள் படகையும் கூடார வண்டியையும் இழுப்பதற்கென விற்கப்பட்டவை; ஆகவே அவற்றின் பின்னடியில் 2 அங்குலச் சதுரக் குழாய் ஒன்று பொருத்தப்பட்டிருப்பது வழக்கமாயிற்று. அவ்வகை வண்டிகளில், நிறுவனம் எதுவாயினும், அந்தக் குழாயின் அளவு பெரும்பாலும் ஒன்றே. ஒரே சட்டத்தின் ஒரு பாதி கூரையின் பிடியைப் பறிக்க உதவியது. மறு பாதி கூரையை உயர்த்தி, வண்டிக்குப் பின்னே புதியதொரு பொதுத்தரத்தை வளர்த்தது.

இதற்கு ஒரு திருத்தம் தேவை. உயர்ந்த வண்டிகள் பலவற்றில் கூரையின் இரு பக்கமும் நீளவாட்டுக் கம்பிகள் இருந்தன. கூரை முற்றிலும் கைவிடப்படவில்லை. புதிய பொதுத்தரமும் உலகப் பொதுவன்று. ஐரோப்பாவில் சதுரக் குழாய் இல்லை, 50 மில்லிமீட்டர்க் குண்டுதான். அங்கே தாங்கி அந்தக் குண்டைக் கவ்வுகிறது. பீலி இரு கண்டங்களுக்கும் பொதுவாக இருந்தது. கொக்கி கண்டத்துக்கு ஒன்று.

கொக்கியின் வலிமை பற்றியும் ஒரு தவறான கருத்து நிலவுகிறது. இழுவை வண்டி கொக்கியின்மேல் செலுத்தும் செங்குத்து எடைக்காகவே அதன் தாங்குதிறன் கணக்கிடப்படுகிறது. மிதிவண்டித் தாங்கியோ பின்னோக்கி நீண்ட ஒரு கை. சுமை கொக்கியிலிருந்து தள்ளி நிற்பதால், பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அது கொக்கியை முறுக்கும் விசை பன்மடங்காகிறது. 90 கிலோ தாங்கும் கொக்கி 90 கிலோ மிதிவண்டிகளைத் தாங்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தாங்கிக்கென நிறுவனம் தரும் எல்லை வேறு, அது குறைவாகவே இருக்கும்.

கூரை இழந்த மற்றொரு பிடி மிதிவண்டியின் பக்கத்தில் இருந்தது. முன்சக்கரத்தைக் கழற்றி, முன்கவையின் நுனியைத் தாங்கியில் பூட்டும் முறை பல பத்தாண்டுகள் தடையின்றி நடந்தது. துல்லியோ கம்பஞோலோவின் பெயரோடு இணைந்த விரைவு விடுப்பு அச்சும், கவை நுனிகளுக்கிடையே 100 மில்லிமீட்டர் இடைவெளியும் எங்கும் பரவியிருந்தமையே காரணம். மலைப்பாதை வண்டிகளும் வட்டுத் தடைகளும் வந்தபின் கவைக்குள் ஊடுருவிச் செல்லும் தடித்த அச்சுகள் வந்தன: 20, 15, 12 மில்லிமீட்டர். மறுபடியும் பொருத்துத் தொகுப்புகள், மறுபடியும் அட்டவணை. இறுதியாக மின்மிதிவண்டி. 20 முதல் 30 கிலோ வரை எடையுள்ள ஒன்றைக் கூரைக்குத் தூக்குவது பலரால் இயலாது. அவர்களுக்குக் கூரையா கொக்கியா என்ற வினாவே எழுவதில்லை.

அப்படியானால் கூரை எங்கே நிலைத்திருக்கிறது? தொழில்முறைப் பந்தயங்களில். அணிக் கார்களைப் பாருங்கள்; 1973ஆம் ஆண்டின் பாரிஸ்–நீஸ் பந்தயம் முதல் பொதுவுதவிக்கு ஓடிய மாவிக்கின் மஞ்சள் கார்களைப் பாருங்கள். மிதிவண்டிகள் எல்லாம் மேலேதான் நிற்கின்றன. அங்கே கணக்கு வேறு. பின்னிருக்கையிலிருந்து இறங்கும் பழுதுநீக்குநர் சில நொடிகளில் வேண்டிய வண்டியை எடுத்துக் கீழே வைத்தாக வேண்டும். வரிசையாக நிற்பவற்றை இரு பக்கமிருந்தும் எட்டலாம்; பின்னே மாட்டினால் ஒன்று மற்றொன்றை மறைக்கும். எரிபொருள் அங்கே பொருட்டன்று.

மற்றவர்களுக்குப் பொருட்டுதான். அமெரிக்காவின் கூரைத் தாங்கிகள் பற்றி லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வுக்கூடம் சார்ந்து 2016இல் வெளியான ஆய்வு ஒன்று, தாங்கியும் சுமையும் எரிபொருள் செலவை 25 விழுக்காடு வரை கூட்டலாம் என்றும், நாடு முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 10 கோடி கேலன் பெட்ரோல் இதனால் கூடுதலாகச் செலவாகிறது என்றும் மதிப்பிட்டது. அதில் ஒரு பங்கு, எதையும் சுமக்காமல் ஆண்டு முழுவதும் கூரைமேல் கிடக்கும் வெற்றுத் தாங்கிகளால் நேர்வது. காற்றுத் தடையைக் குறைக்கவென்று நீக்கிய சிறு விளிம்புக்கு ஈடாக, அதனினும் பெரிய தடையை நாமே கொண்டுபோய் மேலே வைத்திருக்கிறோம்.

இந்தியாவுக்கு வருவோம். தமிழில் ‘கேரியர்’ என்றால் மிதிவண்டியின் பின்னிருக்கைக் கம்பியும் அதுவே, அம்பாசடர் வாடகைக் காரின் கூரைச் சட்டமும் அதுவே. பின்புறமும் மேற்புறமும் ஒரே சொல்லில் அடங்கின. பேருந்தின் பின்னேணியில் ஏறி, சுமைக்கூலி கொடுத்து மிதிவண்டியைக் கூரைமேல் கட்டி ஊருக்குக் கொண்டுபோன தலைமுறைக்கும் அச்சொல்லே போதுமானதாக இருந்தது. ‘ஹிட்ச்’சுக்கு நிகராக அன்றாட வழக்கில் ஒரு சொல் நிலைபெறவில்லை, காரின் பின்னே இழுவை வண்டி கோக்கும் வழக்கமே இங்கு வேரூன்றவில்லை, அது டிராக்டரின் உலகம். பீலி இங்கும் போய்விட்டது. அதன் இடத்தில் கொக்கி வரவில்லை.

வெளியே வாங்கிக் கொக்கியைப் பொருத்தலாம் என்றால் சட்டம் குறுக்கிடும் வாய்ப்பு உண்டு. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. உச்சநீதிமன்றம் 2019இல் அதனைக் கண்டிப்பாகவே பொருள்கொண்டது. கொக்கி அதில் அடங்குமா என்று வாதிடலாம். சாலையோரத்தில் வண்டியை நிறுத்தும் காவலரிடம் அந்த வாதம் எடுபடுமா என்பது வேறு. அடுத்தது எண்பலகை. பின்தாங்கியில் மாட்டிய மிதிவண்டிகள் அதை மறைக்கும். ஜெர்மனியில் அதே எண்ணைத் தாங்கிய இன்னொரு பலகையைத் தாங்கியின்மேல் மாட்டிக்கொள்கிறார்கள். 2019 ஏப்ரல் முதல் இங்கே புதிய வண்டிகளுக்குக் கட்டாயமான உயர்பாதுகாப்புப் பலகையோ, ஒருமுறை பூட்டினால் உடைக்காமல் கழற்ற முடியாத பூட்டுடன் வருவது. வேண்டும்போது எடுத்துத் தாங்கியில் மாட்ட அது இடம் தராது. பெங்களூரிலிருந்து விடியலில் நந்தி மலைக்குப் போகும் மிதிவண்டிக்காரர்களில் பலர் இந்த வம்புகளுக்குள் நுழைவதில்லை. முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, காரின் பின்னிருக்கையை மடக்கி, ஒரு பழைய போர்வையை விரித்து, வண்டியை உள்ளே படுக்க வைத்துவிடுகிறார்கள்.