வெல்ஸின் செவ்வாய்வாசிகளும் எங்கள் ஒக்டோபர் 30உம்



கணக்குப் புத்தகங்களோடு காலம் தள்ளுகிறவனுக்குச் செவ்வாய்க் கிரகத்தில் என்ன வேலை என்று வீட்டிலும் கேட்கிறார்கள், எமது நிலையத்திலும் கேட்கிறார்கள். எச்.ஜி. வெல்ஸின் 'வோர் ஒஃப் த வேர்ள்ட்ஸ்' நாவலை நான் முதலில் படித்தது யாழ்ப்பாணத்தில், மாணவர்களுக்காகச் சுருக்கிய மெல்லிய ஆங்கிலப் புத்தகமாக. முழுவதும் படித்தது லண்டனுக்கு வந்த பிறகு. அதற்குப் பின் எத்தனை தடவை என்பதற்குக் கணக்கில்லை. கணக்காளன் சொல்லக்கூடாத வசனம்தான்.

1897இல் சஞ்சிகையில் தொடராக வந்து 1898இல் நூலான கதை இது. அதை எழுதிய காலத்தில் வெல்ஸ் லண்டனுக்குத் தென்மேற்கே வோக்கிங்கில் குடியிருந்தார். சைக்கிளில் ஊரைச் சுற்றி, எந்தெந்த இடத்தைக் கதையில் அழிக்கலாம் என்று குறித்துக்கொள்வாராம். செவ்வாயிலிருந்து வரும் முதலாவது உருளை விழுவதும் அந்த ஊருக்குப் பக்கத்து ஹோர்செல் வெளியில்தான். கதைக்கான எண்ணத்தைக் கொடுத்தவர் அவருடைய அண்ணன் பிராங்க். நூலின் சமர்ப்பணமும் அவருக்கே. தஸ்மேனியாவில் வெள்ளையர் வந்திறங்கியபின் அந்த மண்ணின் மக்களுக்கு நேர்ந்த கதியைப் பற்றி அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டு நடந்தபோது பிறந்த எண்ணம். முதல் அத்தியாயத்திலேயே வெல்ஸ் அந்த அழிவைச் சொல்லிவிடுகிறார். நாங்கள் பிறருக்குச் செய்ததை எங்களுக்கு ஒருவர் செய்தால் எப்படியிருக்கும் என்று, சாம்ராச்சியம் உச்சியில் இருந்த நாளில் தன் சொந்த நாட்டாரிடம் கேட்ட கேள்வி அது.

வானொலிக்காரர்கள் எல்லோருக்கும் இந்தக் கதை இன்னொரு விதத்தில் தெரியும். 1938 ஒக்டோபர் 30ஆம் திகதி, ஞாயிறு இரவு, ஓர்சன் வெல்ஸ் என்ற இளைஞர் அமெரிக்காவின் சி.பி.எஸ். வானொலியில் இதைச் செய்தி அறிக்கைகள் போன்ற நாடகமாக ஒலிபரப்பினார். நாடே தெருவில் இறங்கி ஓடியது என்பார்கள். நானும் புதிய தொண்டர்களுக்கு அப்படித்தான் சொல்லிவந்தேன். அது பெரும்பாலும் மறுநாள் பத்திரிகைகள் ஊதிப் பெருக்கிய கதை என்று பிற்கால ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். பயந்தவர்கள் இருந்தார்கள், நாடே ஓடவில்லை. உண்மையான அனர்த்தம் நடந்தது 1949இல், எக்குவடோர் நாட்டின் கீற்றோ நகரில். அங்கே அதே நாடகத்தைக் கேட்டு ஏமாந்த சனம் நிலையத்துக்குத் தீ வைத்தது, உயிர்களும் போயின.

எனக்கு ஒக்டோபர் 30 என்றால் 1995. வலிகாமத்தை விட்டு வெளியேறச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்த இரவு. மழை. செம்மணி வீதியாலும் நாவற்குழிப் பாலத்தாலும் இலட்சக்கணக்கான சனம் ஒரே திசையில், அடி அடியாக. உங்களில் பலர் அந்த வீதியில் நின்றவர்கள். நான் அதை விபரிக்கத் தேவையில்லை.

சில வருடங்கள் கழித்து, ஹரோவில் ஒரு வாடகை அறையில் இருந்து அந்த நாவலின் 16ஆம் அத்தியாயத்தைப் படித்தேன். லண்டனிலிருந்து 60 இலட்சம் சனம் வெளியேறுகிறது. கதைசொல்லியின் தம்பி, மருத்துவ மாணவன், சோக் ஃபார்மில் ஒரு சைக்கிள் கடையை உடைப்பவர்களுக்கு முன்னால் நிற்கிறான். அந்தச் சைக்கிளின் சில்லு எட்ஜ்வெயருக்கு ஒரு மைல் இருக்கும்போது உடைகிறது. நாங்கள் மரக்கறி வாங்கப் போகும் எட்ஜ்வெயர்! பார்னெட் பக்கத்தில் ஒருவருடைய பை கிழிந்து பவுண் நாணயங்கள் வீதியில் சிதறுகின்றன. பொறுக்கக் குனிந்தவரின் முதுகில் வண்டிச் சில்லு ஏறுகிறது. தூக்க வந்தவனின் கையையே அந்த மனிதர் நாணயம் பொத்திய கையால் அடிக்கிறார். எசெக்ஸ் கரையில் மூன்று பேருக்கு 36 பவுண் கொடுத்துக் கப்பல் ஏறுகிறார்கள். அதில் ஒரு பெண், இங்கிலாந்தை விட்டு ஒருநாளும் வெளியே போகாதவர், யாருமில்லாத அந்நிய தேசத்துக்குப் போவதைவிடச் சாகலாம் என்று அழுகிறார். அந்தக் காலத்தில் எழுதிய மனிதருக்கு என் தாயாரை எப்படித் தெரியும் என்று யோசித்தேன்.

இந்தக் கதையை 1953இல் ஜோர்ஜ் பாலின் தயாரிப்பில் படமாக்கியபோது அதைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோனார்கள். விசேட காட்சிகளுக்கு ஒஸ்கார் விருது கிடைத்தது. மூன்று கால் இயந்திரங்கள் போய், பறக்கும் கலங்கள் வந்தன. அதைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை.

2005இல் ஸ்டீவன் ஸ்பில்பேர்க் எடுத்த படத்துக்குத்தான் ஆசையோடு மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். இம்முறை நியூ ஜேர்சி. ரொம் குரூஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் தொழிலாளி, மனைவியைப் பிரிந்தவர். இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு ஓடுகிறார். இயந்திரங்கள் ஆதிகாலத்திலேயே நிலத்துக்கடியில் புதைக்கப்பட்டிருந்தனவாம். வீதி கிண்டும் வேலை ஓயாத நகரங்களில் அது ஒருவர் கண்ணிலும் படவில்லை! இதையும் மன்னித்தேன்.

ஏனென்றால் சனத்தை அவர் சரியாக எடுத்திருந்தார். காணாமற்போனவர்களின் படங்கள் ஒட்டிய சுவர், ஓடக்கூடிய ஒரே வாகனத்தைச் சூழ்ந்து கண்ணாடியை உடைக்கும் கூட்டம், ஹட்சன் ஆற்றுப் படகில் இடமிருக்கும்போதே தூக்கப்படும் பாலம். அந்தப் படகுக் காட்சியில் மனைவி எழுந்து வெளியே போய்விட்டார். நான் இருந்தேன். வாகனக் காட்சியில் என் மனம் உள்ளே இருந்தவர்களோடு நிற்கவில்லை. 1995இல் என்னிடம் ஒரு சைக்கிள் இருந்தது. கரியரில் அரிசி மூட்டை. பாலம் மட்டும் ஏற்றிவிடு தம்பி என்று ஒரு வயதான அம்மா கேட்டார். மூட்டையை இறக்க மனம் வரவில்லை. திரும்பி வருகிறேன் என்று சொன்னேன். அந்த நெரிசலில் எவரும் திரும்ப முடியாது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

பிறகு படம் முடிந்த விதம். பொஸ்டனில் முன்னாள் மனைவியின் பெற்றோர் வீடு கண்ணாடிகூட உடையாமல் நிற்கிறது. நெருப்புக்குள் ஓடிய மகன் வாசலில் நிற்கிறான். எனக்குக் கோபம் வந்தது. நியாயமாகச் சொன்னால் நாவலிலும் கணவனும் மனைவியும் சேருகிறார்கள்தான். ஆனால் வெல்ஸ் அத்தோடு விட்டுவிடவில்லை. விளக்கடியில் எழுதிக்கொண்டிருப்பவனுக்குத் திடீரென்று பள்ளத்தாக்கு எரிவது தெரிகிறது. லண்டன் தெருவில் நடப்பவர்கள் இறந்தவர்களின் ஆவிகளாகத் தெரிகிறார்கள். பக்கத்தில் இருக்கும் மனைவியின் கையைப் பிடித்தபடி, நாம் ஒருவரையொருவர் செத்தவராக எண்ணியிருந்தோமே என்று நினைக்கிறான். தஸ்மேனியாவும் படத்தில் இல்லை. அது இல்லாவிட்டால் அந்த இயந்திரங்கள் ஏன் வந்தன என்பதே எனக்கு விளங்குவதில்லை.

இவ்வளவு குறை சொல்லியும் அந்தப் படத்தின் டிவிடி எங்கள் வீட்டில் இருக்கிறது. படகுக் காட்சிவரை பார்ப்பேன், பிறகு நிறுத்திவிடுவேன். மகள் வளர்ந்தபின் ஒருநாள் தனியாக முழுவதும் பார்த்துவிட்டு வந்து, "அப்பா, அந்த அண்ணா எப்படி உயிரோட வந்தவர்? ஒருத்தரும் சொல்லேல்லையே" என்று கேட்டாள். பதிலுக்கு நாவலைக் கொடுத்தேன். இரண்டு கிழமை கழித்து மேசையில் கிடந்தது. எட்ஜ்வெயர் வரும் பக்கத்தின் மூலையை மடித்து வைத்திருந்தாள்.