பந்தய விதி ஈன்ற சாலைக் கார்கள்

வாரநாள்களில் அலுவலகத்துக்கும் கடைத்தெருவுக்கும் போய்வர உதவும் கார், விடுமுறை நாளில் பந்தயத் தடத்தில் முழு வேகத்தில் சுற்றவும் உதவ வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு, இன்று ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவோரிடம் இயல்பாகிவிட்டது. போட்டி நிறுவனங்களின் இரண்டு கார்களை எடைபோடும் எவரும் இந்த இரு களங்களிலும் அவற்றை நிறுத்திப் பார்க்கின்றனர். ஆனால் இந்த இரட்டைப் பயன் வாங்குவோரின் கோரிக்கையால் உருவானதன்று. இப்படியொரு காருக்குச் சந்தை இருப்பதாக விற்பனைப் பிரிவுகள் தொடக்கத்தில் நம்பவும் இல்லை. பந்தயங்களை ஆளும் அமைப்பு எழுதிய ஒரு விதியே அதற்கு வழிதிறந்தது என்பதை, மேற்கு ஜெர்மனியில் 1970களிலும் 1980களிலும் பிறந்த மூன்று கார்களின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

அந்த விதிக்கு ஹோமோலோகேஷன் என்று பெயர். ஒரு கார் குறிப்பிட்ட பந்தயப் பிரிவில் ஓட வேண்டுமானால், அதே வகைக் கார் குறைந்தபட்சம் இத்தனை எண்ணிக்கையில் தயாரிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதும், அதன் அளவுகளும் பாகங்களும் ஆவணத்தில் பதிவாகி ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும் என்பதுமே அதன் சாரம். பணபலம் உள்ள தொழிற்சாலை பந்தயத்துக்கென ஒரேயொரு எந்திரத்தைச் செய்துகொண்டு வந்து மற்றவர்களைத் தோற்கடித்துவிடக் கூடாது என்பதும், பார்வையாளர் தம் தெருவில் காணும் காரையே களத்திலும் காண வேண்டும் என்பதும் இதன் நோக்கங்கள். அதன் உடன்விளைவாக, களத்தில் வெல்லத் தேவையான ஒவ்வொரு பாகத்தையும் சாலையில் ஓடும் காரிலும் பொருத்தி, அதைப் பொதுமக்களுக்கு விற்றாக வேண்டிய கட்டாயம் தொழிற்சாலைகளுக்கு ஏற்பட்டது.

1972 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் போர்ஷே நிறுவனம் காட்டிய 911 கரேரா ஆர்எஸ் 2.7 இக்கட்டாயத்தின் நேரடி விளைவு. நான்காம் பிரிவு எனப்பட்ட கிராண்ட் டூரிங் பந்தயப் பிரிவில் நுழைய 500 கார்கள் தேவைப்பட்டன. அத்தனை கார்களை விற்க முடியுமா என்று நிறுவனத்தின் விற்பனைப் பிரிவினரே ஐயுற்றனர். எஞ்சினின் கொள்ளளவு 2,687 கன சென்டிமீட்டராக உயர்த்தப்பட்டு 210 குதிரைத்திறன் பெறப்பட்டது. உடலின் சில பகுதிகளுக்கு மெல்லிய தகடும் மெல்லிய கண்ணாடியும் இடப்பட்டு எடை குறைக்கப்பட்டது. பின்பக்க எஞ்சின் மூடியின் மேல் வாத்தின் வாலைப் போல் நிமிர்ந்து நின்ற சிறு தடுப்பு, மிகுவேகத்தில் காரின் பின்பகுதியைக் காற்று மேலே தூக்குவதைக் குறைத்தது. அறிவித்த 500 கார்களும் விரைவிலேயே விற்றுப்போக, மொத்தத் தயாரிப்பு 1,580 ஆக உயர்ந்தது.

இந்த 1,580இன் உட்பிரிவுதான் வரலாற்றுக்கு முக்கியமானது. கம்பளம், பின்னிருக்கை முதலிய வசதிகளை அகற்றிய இலகுவான ஸ்போர்ட் வகையில் 200 கார்களே விற்றன. ஏறத்தாழ 100 கிலோ கூடுதலாக இருந்தாலும் வழக்கமான 911இன் உள்ளலங்காரத்தைக் கொண்ட டூரிங் வகையில் 1,308 கார்கள் விற்றன. பந்தயத்துக்கென உருவான எஞ்சினையும் சஸ்பென்ஷனையும் விரும்பியவர்களில் மிகப் பெரும்பாலோர் அவற்றைத் தினசரிப் பயணத்துக்கு ஏற்ற காரிலேயே விரும்பினர் என்பதை இந்த எண்கள் ஐயமின்றி நிறுவுகின்றன. 1973 பிப்ரவரியில் இதன் பந்தய வடிவமான ஆர்எஸ்ஆர் அமெரிக்காவின் டேட்டோனா 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது. அந்த வெற்றியின் மதிப்பு, அதே குடும்பத்துக் காரில் வேலைக்குச் சென்றுகொண்டிருந்தவர்களையும் சேர்ந்தது.

1982இல் நடைமுறைக்கு வந்த குரூப் ஏ விதிகள் இந்தக் கட்டாயத்தை மேலும் இறுக்கின. நான்கு பேர் அமரக்கூடிய காராக இருக்க வேண்டும்; தொடர்ச்சியான 12 மாதங்களில் 5,000 கார்கள் தயாரிக்கப்பட்டிருக்க வேண்டும்; உடலின் வடிவத்தையும் எஞ்சினின் அடிப்படை அமைப்பையும் பந்தய அணிகள் தம் விருப்பப்படி மாற்றக் கூடாது. அடிப்படைக் கார் ஒருமுறை ஒப்புதல் பெற்றபின் அதை மேம்படுத்த விரும்பினால், எவல்யூஷன் எனப்பட்ட திருத்த வடிவத்தில் 500 கார்களைச் செய்தால் போதும். 5,000 பேரிடம் விற்க வேண்டிய காரை, காலையில் கிளம்பாத எஞ்சினோடும் முதுகை உடைக்கும் இருக்கையோடும் செய்துவிட முடியாது என்பதால், பந்தயப் பொறியாளரும் சாலைக் கார்ப் பொறியாளரும் ஒரே மேசையில் உட்கார வேண்டியதாயிற்று.

மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் அந்த மேசைக்குத் தயக்கத்தோடுதான் வந்தது. 1955இல் பிரான்சின் லே மான் பந்தயத்தில் அந்நிறுவனத்தின் கார் பார்வையாளர் கூட்டத்துக்குள் சிதறி 80க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்; அவ்வாண்டின் இறுதியில் பந்தயக் களத்திலிருந்து விலகிய நிறுவனம் பல பத்தாண்டுகளாக முழுமையாகத் திரும்பவில்லை. 1980களின் தொடக்கத்தில் தன் சிறிய காரான 190ஐ ராலி எனப்படும் மண்சாலை, மலைச்சாலைப் பந்தயங்களில் இறக்க எண்ணி, இங்கிலாந்தின் காஸ்வொர்த் நிறுவனத்திடம் சிலிண்டருக்கு நான்கு வால்வுகள் கொண்ட புதிய எஞ்சின் தலைப்பகுதியைச் செய்து வாங்கியது. நான்கு சிலிண்டர், 16 வால்வு என்பதால் கார் 190 இ 2.3-16 என்று பெயர் பெற்றது. ஆனால் அதற்குள் நான்கு சக்கரங்களுக்கும் விசை செலுத்தும் ஆடி குவாட்ரோ ராலி உலகையே மாற்றிவிட்டிருந்தது; பின்சக்கரங்களால் மட்டும் ஓடும் 190க்கு அங்கே இடமில்லை. எனவே கார் தார்ச்சாலைத் தடங்களை நோக்கித் திரும்பியது.

அதை அறிமுகப்படுத்த நிறுவனம் தேர்ந்த வழிகள் இரண்டும் அதன் மனப்போக்கைக் காட்டுபவை. 1983 ஆகஸ்டில் இத்தாலியின் நார்டோ வட்டத் தடத்தில் இவ்வகைக் கார்கள் 50,000 கிலோமீட்டர் தொலைவை மணிக்கு ஏறத்தாழ 248 கிலோமீட்டர் சராசரியில் ஓடி உலக சாதனை படைத்தன. அங்கே எடுத்துக்காட்டப்பட்டது வேகத்தைவிட உழைப்பே. அடுத்த ஆண்டு மே 12 அன்று நூர்பர்க்ரிங்கின் புதிய தடத் திறப்பு விழாவில், விற்பனைக் கார்களிலிருந்து அதிகம் மாறாத ஒரே மாதிரியான 190களை ஃபார்முலா ஒன் உலக சாம்பியன்கள் ஒன்பது பேர் உள்ளிட்ட புகழ்பெற்ற ஓட்டுநர்கள் ஓட்டினர். அப்போது தம் முதல் ஃபார்முலா ஒன் பருவத்தில் இருந்த பிரேசில் இளைஞர் அயர்ட்டன் சென்னா முதலாவதாகவும், நிக்கி லௌடா இரண்டாவதாகவும் வந்தனர். கடைசியில் அந்த 2.3-16 ஏறத்தாழ 19,500 கார்கள் விற்றது. விதி கேட்டதைப்போல் கிட்டத்தட்ட நான்கு மடங்கு.

பிஎம்டபிள்யூ இதற்குச் சொன்ன பதில் எம்3. நிறுவனத் தலைவர் எபர்ஹார்ட் ஃபான் கூன்ஹைம் கேட்டுக்கொண்டபடி எஞ்சின் பொறியாளர் பால் ரோஷே இரண்டே வாரங்களில் முதல் மாதிரியைச் செய்து முடித்தார். நிறுவனத்தின் ஆறு சிலிண்டர், 24 வால்வு எஞ்சினின் தலைப்பகுதியிலிருந்து இரண்டு சிலிண்டர்களுக்குரிய பகுதியை வெட்டியெடுத்து, வெட்டிய பக்கத்தைத் தகட்டால் மூடி, 1960களிலிருந்தே பயன்பாட்டில் இருந்த நான்கு சிலிண்டர் எஞ்சினின் அடிப்பாகத்தின் மேல் பொருத்தினார். 1983இல் நெல்சன் பிகேக்கு ஃபார்முலா ஒன் பட்டத்தைப் பெற்றுத்தந்த டர்போ எஞ்சினின் அடித்தளமும் இதுவே என்பதால் அதன் வலிமையில் ஐயமில்லை. ஆறு சிலிண்டர் எஞ்சின் இருந்தும் நான்கைத் தேர்ந்ததற்குக் காரணம் பந்தயமே: குட்டையான கிராங்க்ஷாஃப்ட், அதாவது பிஸ்டன்களின் மேல்கீழ் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டு, அதிவேகச் சுழற்சியில் குறைவாக முறுக்கிக்கொள்ளும், முன்பக்க எடையும் குறையும்.

1985இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் காட்டப்பட்டு 1986இல் தயாரிப்புக்கு வந்த எம்3, பார்வைக்கு அந்நாளைய 3 வரிசைக் காரைப் போலிருந்தாலும் வெளிப்புறத் தகடுகள் பெரும்பாலும் வேறானவை. அகன்ற பந்தயச் சக்கரங்களுக்கு இடம்விட மட்கார்டுகள் பெட்டிபோல் புடைத்தன. பின்கண்ணாடி மேலும் சாய்வாக அமைக்கப்பட்டது. டிக்கியின் மூடி உயர்த்தப்பட்டு அதன்மேல் ஸ்பாய்லர் நின்றது. இவற்றில் எதையும் பந்தய அணி பின்னர் சேர்த்துக்கொள்ள விதி இடந்தரவில்லை என்பதால், மருத்துவரும் வணிகரும் ஓட்டிச் சென்ற எம்3இலும் இவை அத்தனையும் இருந்தன. 1987 மார்ச்சில் மோன்ஸாவில் நடந்த உலக டூரிங் கார் சாம்பியன்ஷிப்பின் முதல் பந்தயத்தில், முதல் ஆறு இடங்களைப் பிடித்த எம்3கள் உடற்பாகங்கள் பதிவுக்கு ஒத்துவரவில்லை என்று நீக்கப்பட்டன; விதி எவ்வளவு கண்டிப்பானது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. ஆயினும் அவ்வாண்டின் ஓட்டுநர் பட்டத்தை எம்3 ஓட்டிய ராபர்ட்டோ ரவாலியா பெற்றார்.

இரு கார்களையும் சாலைப் பயன்பாட்டில் ஒப்பிட்டால் வேறுபாடு நுட்பமானது. ஆற்றல் ஏறத்தாழ நிகர்: மெர்சிடிஸ் 185 குதிரைத்திறன், எம்3 கழிவுவாயுவைத் தூய்மையாக்கும் கருவி பொருத்தினால் 195, இல்லையேல் 200. மெர்சிடிஸ் நான்கு கதவுகள் கொண்டது. குடும்பமும் சுமையும் ஏறினாலும் பின்பகுதி தாழாதபடி எண்ணெய் அழுத்தத்தால் உயரத்தைச் சமன்செய்யும் சஸ்பென்ஷன் அதில் இருந்தது. எம்3 இரண்டு கதவுக் கார். குறைந்த சுழற்சியில் அதன் எஞ்சின் சோம்பலானது, கரடுமுரடாக ஒலிப்பது, ஆனால் சுழற்சி ஏற ஏற உயிர்பெறுவது. நீண்ட நெடுஞ்சாலைப் பயணத்துக்கு மெர்சிடிஸ் மேலானது. வளைவுகள் நிறைந்த தடத்தில், ஸ்டியரிங்கின் கூர்மையாலும் இலகுவான முன்பகுதியாலும் எம்3 ஒரு படி முன்னே நின்றது. நகர நெரிசலில் நாள்தோறும் ஓட்ட எம்3 கேட்ட பொறுமை சிறிதன்று என்பதையும் அதன் புகழ்பாடுவோர் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஐரோப்பியச் சந்தைக்கான இரு கார்களுக்கும் பொதுவாக இருந்த கியர் அமைப்பு இந்த இழுபறியைக் கையில் தொட்டுணரச் செய்தது. வழக்கமான காரில் முதல் கியரும் இரண்டாம் கியரும் ஒரே நேர்க்கோட்டில் மேலும் கீழுமாக இருக்கும். நெரிசலில் ஓட்டுநர் அடிக்கடி மாற்றுவது அவ்விரண்டையே. இவற்றிலோ முதல் கியர் இடது கீழ் மூலையில் தனித்திருக்க, இரண்டும் மூன்றும் ஒரு கோட்டில், நான்கும் ஐந்தும் மற்றொரு கோட்டில் அமைந்தன. பந்தயத்தில் முதல் கியர் புறப்படும்போது மட்டுமே தேவை. வளைவுக்கு வளைவு இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே மாற்றும் ஓட்டுநருக்கு நேரான அசைவு நொடியின் சிறுபகுதியை மிச்சப்படுத்தும். அந்தச் சிறுபகுதிக்காக, போக்குவரத்து விளக்குகளில் நின்று நின்று செல்லும் ஆயிரக்கணக்கானோர் ஒவ்வொரு முறையும் கியர் தண்டைக் கோணலாகத் தள்ள வேண்டியிருந்தது.

1980களின் இறுதியில் போட்டி எவல்யூஷன் வடிவங்களின் போராக முற்றியது. அதற்கான முதன்மைக் களம், தொழிற்சாலைக் கார்களை அடிப்படையாகக் கொண்டு 1984இல் தொடங்கி, பின்னர் டிடிஎம் என்ற பெயரைப் பெற்ற ஜெர்மன் டூரிங் கார் சாம்பியன்ஷிப். 1987இலும் 1989இலும் அதன் பட்டத்தை எம்3 ஓட்டுநர்கள் வென்றனர். மெர்சிடிஸ் 1989இல் பிஸ்டனின் பயணத் தொலைவைக் குறைத்து விட்டத்தைக் கூட்டிய 2.5 லிட்டர் எஞ்சினோடு முதல் எவல்யூஷனை 502 கார்கள் செய்தது. இருக்கையில் அமர்ந்தபடியே ஒரு விசையைத் திருப்பிக் காரின் உயரத்தை மாற்றிக்கொள்ளும் வசதி அதில் இருந்தது. 1990இல் பிஎம்டபிள்யூ 238 குதிரைத்திறன் கொண்ட எம்3 ஸ்போர்ட் எவல்யூஷனை 600 கார்கள் செய்தபோது, முன் உதட்டையும் பின் இறக்கையையும் உரிமையாளரே சரிசெய்யும்படி அமைத்தது. அதே ஆண்டு மெர்சிடிஸ் மீண்டும் 502 கார்களாக இரண்டாம் எவல்யூஷனை வெளியிட்டது. ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தின் காற்றியக்கவியல் பேராசிரியர் ரிச்சர்ட் எப்லரின் துணையோடு வடிவமைக்கப்பட்ட அதன் உயரமான பின் இறக்கை, அமைதியான குடும்பக் கார்களுக்குப் பெயர்பெற்ற நிறுவனத்தின் முத்திரையோடு சாலையில் சென்றது. அதன் பந்தய வடிவத்தில் கிளவுஸ் லுட்விக் 1992இன் டிடிஎம் பட்டத்தை வென்றார்.

அந்த வெற்றியோடு விதியின் காலம் அக்களத்தில் முடிந்தது. 1993 முதல் டிடிஎம் ஏற்ற கிளாஸ் ஒன் விதிகள் சாலைக் காரின் உருவத்தை மட்டும் பெரிதாக வற்புறுத்தி உள்ளே மிகுந்த சுதந்திரம் அளித்தன. அவ்வாண்டு ஆல்ஃபா ரோமியோ ஓட்டி வென்ற நிக்கோலா லாரினியின் காரைக் கடையில் வாங்கக்கூடிய ஆல்ஃபா ரோமியோ 155ஓடு பெயரும் வெளித்தோற்றமுமே இணைத்தன. செலவு ஏறிக்கொண்டே போக, 1996இன் முடிவில் அந்தத் தொடரே நின்றுபோனது.

சாலைக் கார்கள் நிற்கவில்லை. எந்த விதியும் கேட்காமலேயே பிஎம்டபிள்யூ 1992இல் அடுத்த எம்3ஐ ஆறு சிலிண்டர், 286 குதிரைத்திறன் எஞ்சினோடு வெளியிட்டது. முதல் எம்3 ஏறத்தாழ 18,000 கார்களோடு நிற்க, இது 70,000க்கும் மேல் விற்றது. மெர்சிடிஸ் 1993இல் ஏஎம்ஜி நிறுவனத்தோடு சேர்ந்து சி36ஐக் கொண்டுவந்தது. அதில் தானியங்கி கியர் மட்டுமே உண்டு. புதிய எம்3இன் எஞ்சின் குறைந்த சுழற்சியிலும் இனிமையாக இழுத்தது. முதல் கியரும் இரண்டாம் கியரும் மீண்டும் ஒரே நேர்க்கோட்டுக்கு வந்தன.