பி-ஓஎஸ்: மூடின கடைக்கு வேலையாட்கள்

பி-ஓஎஸ் என்று ஒரு இயங்குதளம் இருந்தது. (நெடிலில் எழுதினால் நம் மொழியில் விபரீதமாகிவிடும், குறிலே போதும்.) கடை மூடி இத்தனை வருஷம் ஆன பிறகும் ஒரு கூட்டம் சம்பளமில்லாமல் அதற்கு உயிர் கொடுத்துக்கொண்டிருக்கிறது. வெட்டி வேலையா இது?

முதலில் கதை. ஆப்பிளை விட்டு வந்த ழான்-லூயி காஸே 1990-ல் ஆரம்பித்த கம்பெனி பி. 1996-ல் ஆப்பிள் புது இயங்குதளம் தேடியபோது இவரோடும் பேரம் நடந்தது. விலை படியவில்லை. சுமார் 40 கோடி டாலருக்கு ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட்டை வாங்கிக்கொண்டது ஆப்பிள். 2001-ல் பி-யின் சொத்துகள் பாம் கம்பெனிக்குப் போன விலை 1.1 கோடி டாலர். அதே பி, மைக்ரோசாப்ட் மேல் போட்ட வழக்கில் 2003-ல் சமரசமாகப் பெற்றது 2.3 கோடிக்கு மேல்! சரக்கைவிட வழக்குக்கு இரண்டு மடங்கு விலை. எங்கள் வங்கிப் பாஷையில் சுத்தமான வாராக்கடன்.

பாம் வாங்கும் செய்தி வந்த அதே 2001 ஆகஸ்டில் ரசிகர்கள் கிளம்பிவிட்டார்கள். மூல நிரல் கைக்கு வராது. பெரும்பாலானவற்றைப் புதிதாக எழுதவேண்டும். நல்லவேளையாக பி-ஓஎஸ் தனித்தனி சர்வர்களாகப் பிரித்துக் கட்டப்பட்டது. வீட்டில் குடியிருந்துகொண்டே ஒவ்வொரு தூணாக மாற்றுகிற மாதிரி, பகுதி பகுதியாக மாற்றி எழுத முடிந்தது. 2004-ல் ஹைக்கு என்று பெயர் வைத்தார்கள். முதல் ஆல்ஃபா 2009-ல், முதல் பீட்டா 2018-ல், ஐந்தாவது பீட்டா 2024-ல். நிதானம்தான்!

பழைய பி-ஓஎஸ் புரோகிராம்களை ஓட்டவே இது வேண்டும் என்றால், சத்தியமாக இத்தனை உழைப்பு தேவையில்லை. யாரிடம் இருக்கின்றன அவை? அவற்றுக்காக 32-பிட் ஹைக்கு இன்னும் அரதப்பழசான ஜிசிசி 2-ஐக் கட்டிக்கொண்டு அழுகிறது. 64-பிட்டில் அந்தத் தொல்லை இல்லை, பழைய புரோகிராம்களும் ஓடாது.

ஆனால் 'பழையதைப் போலவே' என்ற கட்டுப்பாடு ஒரு நன்மையும் செய்தது. எதைச் செய்வது என்ற சண்டையே பெரும்பாலும் இல்லை. வரைபடம் ஏற்கெனவே கையில் இருந்தது. தன்னார்வக் கூட்டங்கள் உடைவது பெரும்பாலும் அந்தச் சண்டையில்தான் என்பது என் அபிப்பிராயம். (நம்ம ஊர்ச் சங்கங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.) பி-ஓஎஸ்ஸைக் காசுக்கு விற்ற ஜெர்மானிய ஸீட்டா, உரிமைத் தகராறில் 2007-ல் நின்றேபோனது. காசில்லாத ஹைக்கு நிற்கவில்லை. நன்கொடைப் பணத்தில் 2021-ல் ஒரு நிரலாளரை முழுநேர ஒப்பந்தத்திலேயே அமர்த்தியது.

இன்னொன்று. பி-ஓஎஸ்ஸில் ஒவ்வொரு மின்னஞ்சலும் தனிக் கோப்பு. அனுப்பியவர், தலைப்பு எல்லாம் கோப்போடு ஒட்டியிருக்கும், டேட்டாபேஸ் மாதிரி சட்டென்று தேடலாம். அந்தக் கோப்பு முறையை எழுதிய டொமினிக் ஜியாம்பாவோலோ பிறகு ஆப்பிள் போய் ஸ்பாட்லைட் தேடலில் வேலை செய்தார். அந்த யோசனையின் மூல வடிவம் ஹைக்குவில் இன்றும் ஓடுகிறது, யாரும் பிரித்துப் பார்த்துப் படிக்கலாம். 2007-லிருந்து கூகுளின் கோடைக்கால நிரல் திட்டத்தில் மாணவர்களும் இதில்தான் கை பழகினார்கள்.

அதனால் என் ஓட்டு 'தொடரலாம்' பக்கம். பரணில் பழைய மடிக்கணினி கிடந்தால் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப்பாருங்கள், உள்ளே இருப்பது எதுவும் அழியாது. வைஃபை மட்டும் சில பொட்டிகளில் முரண்டு பிடிக்கும்.