நினைவு மாறியது, இயந்திரம் பிழைத்தது

உங்கள் வீட்டிலோ கல்லூரியிலோ பழைய மேசைக் கணிப்பொறி ஒன்று இருக்கக்கூடும். கட்டளை கொடுத்தால் விடை வர நெடுநேரம் ஆகும். ‘இதற்கு வயதாகிவிட்டது’ என்று நாமும் தீர்ப்புக் கூறிவிடுவோம். ஆனால், பல வேளைகளில் அதன் கணக்கிடும் பகுதி நன்றாகவே இருக்கும், திணறுவது நினைவகம்தான். நினைவகத்தை மாற்றிப் பழைய பொறிக்கு மறுவாழ்வு அளிக்கும் வழக்கம் மேசைக் கணிப்பொறிகள் தோன்றுவதற்கு முன்பே பிறந்தது. 1953ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்ததைப் பார்ப்போம்.

சுழற்காற்றின் நோய்

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜே ஃபாரஸ்டர் தலைமையில் உருவான ‘வேர்ல்விண்டு’ கணிப்பொறி 1951இல் இயங்கத் தொடங்கியது. சுழற்காற்று என்பது அப்பெயரின் பொருள். ராடார் தரும் செய்திகளைக் கொண்டு, பறக்கும் விமானத்தின் இடத்தை உடனுக்குடன் கணித்துச் சொல்ல அதைப் பயன்படுத்த முயன்றனர். விமானம் நமக்காகக் காத்திருக்குமா? காலந்தாழ்ந்து வரும் விடையால் பயனில்லை அல்லவா?

இக்கணிப்பொறியின் நினைவகம் தொலைக்காட்சிக் குழாயை ஒத்த வெற்றிடக் குழாய்களால் ஆனது. குழாயின் உட்பரப்பில் மின்னேற்றப் புள்ளிகளாகச் செய்திகள் பதிந்திருந்தன. இக்குழாய்கள் அடிக்கடி பழுதாயின. நாள்தோறும் நான்கு மணி நேரம் பராமரிப்பிலேயே கழிந்தது. நாட்டின் வான் பாதுகாப்பை இப்படிப்பட்ட பொறியிடம் எவ்வாறு ஒப்படைப்பது?

வளையம் தந்த வழி

இயற்பியல் ஆய்வகத்தில் காந்தத் தயக்க வளைவரையை நீங்கள் வரைந்திருப்பீர்கள். காந்தமாக்கும் மின்னோட்டத்தை நிறுத்திய பின்னும் பொருளில் காந்தத்தன்மை எஞ்சி நிற்கும். மின்மாற்றி செய்பவருக்கு இத்தயக்கம் ஆற்றல் இழப்பு. ஃபாரஸ்டருக்கோ அது வரமாயிற்று. சிறிய ஃபெர்ரைட் வளையத்தை ஒரு திசையில் காந்தமாக்கினால் 1, எதிர்த்திசையில் காந்தமாக்கினால் 0 என்று கொள்ளலாம். மின்சாரம் நின்றாலும் வளையம் மறவாது.

ஆயிரம் வளையங்களில் வேண்டிய ஒன்றை மட்டும் தொடுவது எப்படி? புள்ளிக் கோலத்தின் புள்ளிகளைப் போல் நெடுக்கில் 32, குறுக்கில் 32 என வளையங்களை அடுக்கி, ஒவ்வொரு வரிசையிலும் ஒரு கம்பியைக் கோத்தனர். நெடுக்குக் கம்பி ஒன்றிலும் குறுக்குக் கம்பி ஒன்றிலும் தேவையான மின்னோட்டத்தில் பாதி பாதியாகச் செலுத்தினால், இரண்டும் சந்திக்கும் வளையம் மட்டுமே திசை மாறும். பாதி மின்னோட்டம் மட்டும் பெற்ற மற்ற வளையங்கள் அசையா. இவ்வாறு 64 கம்பிகள் 1024 வளையங்களை ஆண்டன!

1953 ஆகஸ்டில் இந்த நினைவகம் வேர்ல்விண்டில் பொருத்தப்பட்டது. கணக்கிடும் சுற்றுகள் பழையனவே. ஆயினும் வேகம் ஏறத்தாழ இரு மடங்காயிற்று. பராமரிப்பு நேரமோ வாரத்துக்கு இரண்டே மணியாகக் குறைந்தது!

அதே ஆண்டு ஜூலையில் எனியாக் என்னும் முதிய கணிப்பொறிக்கும் காந்த வளைய நினைவகம் கிடைத்தது. 1946இல் உலகுக்கு அறிமுகமான எனியாக்கின் 20 திரட்டிகளும் ஆளுக்கொரு பத்திலக்க எண்ணையே தாங்கின. புதிய நினைவகமோ 100 எண்களைத் தாங்கியது. அதன் துணையுடன் எனியாக் 1955 அக்டோபர் வரை உழைத்தது.

வளையத்திலிருந்து சில்லுக்கு

1966இல் ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டு, ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் இருந்தால் ஒரு பிட் செய்தியைக் காக்கலாம் எனக் கண்டார். இன்றைய ‘ரேம்’ நினைவகத்தின் அடிப்படை இதுவே. மின்தேக்கியின் மின்னேற்றம் கசிந்துவிடுவதால், வினாடிக்குப் பலமுறை அதைப் புதுப்பிக்கவேண்டும். 1970இல் இன்டெல் வெளியிட்ட 1103 என்னும் சில்லு 1024 பிட்களை ஏற்றது. அன்று ஒரு தட்டு நிறைய வளையங்கள் செய்த வேலை ஒரு சில்லுக்குள் அடங்கிவிட்டது!

1981இல் வந்த ஐபிஎம் மேசைக் கணிப்பொறியின் தொடக்க நினைவகம் 16 கிலோபைட்தான். ஆனால் அதன் பலகையிலேயே காலிக் குழிகள் இருந்தன. சில்லுகளை வாங்கிச் செருகி 64 கிலோபைட்டாக உயர்த்தலாம். நினைவகத்தைக் கூட்டும் வேலை ஆய்வகத்தை விட்டு நம் மேசைக்கு வந்தது இவ்வாறே.

உங்கள் கணிப்பொறி

நினைவகம் நிரம்பினால் கணிப்பொறி அதில் ஒரு பகுதியைச் சுழலும் வட்டுக்கு மாற்றி வைக்கிறது. ரேமை எட்ட வினாடியில் ஏறத்தாழ ஒரு கோடியில் ஒரு பங்கு போதும். வட்டை எட்ட நூறில் ஒரு பங்கு வேண்டும். இரண்டுக்கும் ஒரு லட்சம் மடங்கு வேறுபாடு! திணறலின் காரணம் இப்போது விளங்குகிறதா?

ஆகவே, கணிப்பொறியை எறியுமுன், அது மெதுவாகும் வேளையில் நினைவகம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள். முழுவதும் நிரம்பியிருந்தால், அதற்குப் பொருந்தும் வகை நினைவகத்தைக் கேட்டு வாங்குங்கள். டிடிஆர்3 குழியில் டிடிஆர்4 ஏறாது. மின் இணைப்பை நீக்கி, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலின் நிலைமின்னை இறக்கிய பின்னரே செருகுங்கள். நினைவகம் நிரம்பவில்லை என்றால் குறை வேறெங்கோ உள்ளது, பணத்தைச் செலவிடாதீர்கள். வேர்ல்விண்டின் பொறியாளர்களும் குறை எங்கே என்று கண்ட பிறகுதான் அதில் கை வைத்தார்கள்.