பாட்டி வீட்டுச் சுவரில் என் போட்டோ

இன்னைக்கு எபிசோடை ஒரு வாக்குமூலத்தோட ஆரம்பிக்கிறேன்.

போன வருஷம் நம்ம பாட்காஸ்ட் கவருக்கு ஒரு படம் தேவைப்பட்டுச்சு. சுங்குடிப் புடவை கட்டி, பெருசா குங்குமப் பொட்டு வச்சு, ஜன்னல் ஓரமா உட்கார்ந்து மொபைல்ல ஒரு போட்டோ எடுத்தேன். அதை ஒரு ஆப்ல போட்டு, பழுப்பு நிறம், கீறல், ஓரத்துல கறை எல்லாம் சேர்த்து 'பழைய போட்டோ' ஆக்கினேன். நாலு நிமிஷ வேலை. நல்லா இருக்கேன்னு குடும்ப வாட்ஸ்அப் குரூப்லயும் தட்டிவிட்டேன்.

ரெண்டு மாசம் கழிச்சு பாட்டி வீட்டுக்குப் போறேன். கூடத்துச் சுவர்ல அந்தப் படம் ஃபிரேம் போட்டுத் தொங்குது. சந்தனம் வச்சு, மல்லிகைச் சரம் போட்டிருக்கு. கீழே '1935' என்று அச்சடிச்சிருக்கு.

எங்க பாட்டிக்கு ரெண்டு வயசு இருக்கும்போதே அவங்க அம்மா இறந்துட்டாங்க. அவங்களுக்கு ஒரு போட்டோகூட கிடையாது. என் படம் ஒரு குரூப்ல இருந்து இன்னொரு குரூப்புக்குப் போக, வழியில யாரோ 'கொள்ளுப்பாட்டி'ன்னு எழுதியிருக்காங்க. கீறலும் கறையும் சேர்ந்ததுல மாமாவுக்கு என் முகம் தெரியல, குடும்பச் சாயல் மட்டும் தெரிஞ்சிருக்கு. பிரிண்ட் போட்டுட்டார்.

எனக்கு ஒரு பக்கம் குற்ற உணர்ச்சி. இன்னொரு பக்கம், எனக்குள்ள இருக்கற இன்ஜினியருக்கு ஒரு கேள்வி: ஒரு பழைய போட்டோவை உண்மையிலேயே பழசாக்கறது எது?

பிளேட்டின் கண்

1839-ல் பிரான்ஸில் டாகுவேரின் முறை வெளியானதும் போட்டோ எடுப்பது உலகம் முழுக்கப் பரவியது. 1851-ல் லண்டனில் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் வேறொரு முறையை வெளியிட்டார். கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பிசின் மாதிரியான திரவத்தை ஊற்றி, சில்வர் நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, டெவலப்பும் செய்துவிட வேண்டும். சுமார் பத்துப் பதினைந்து நிமிஷத்துக்குள் எல்லாம் முடியணும். அடுத்த முப்பது வருஷத்துக்கு ஸ்டூடியோக்களில் பெரும்பாலும் இந்த முறைதான்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிங்க. அந்தத் தகடு எல்லா நிறத்தையும் பார்க்காது. நீலமும் அல்ட்ரா வயலட்டும் மட்டுமே அதுக்குத் தெரியும். சிவப்பு வெளிச்சம் அதைப் பொறுத்தவரை இருட்டு.

இப்போ நம்ம மொபைலுக்கு வாங்க. கலர் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்க சாஃப்ட்வேர்கள் ரொம்ப காலமா பயன்படுத்தற ஒரு சூத்திரம் இருக்கு: சிவப்புக்கு 0.299, பச்சைக்கு 0.587, நீலத்துக்கு 0.114. மனிதக் கண்ணுக்கு எது பிரகாசமாத் தெரியுதோ, அதுக்கு அதிக எடை. அதாவது, அந்தக் காலத் தகடு முக்கியமா எதைப் பார்த்ததோ, அந்த நீலத்துக்கு நாம கொடுக்கறது வெறும் 11 சதவீதம். அதுமேல எவ்வளவு பழுப்புச் சாயம் பூசினாலும், அது இன்றைய கண் பார்த்த படம்தான்.

நான் செஞ்சு பார்த்தேன். என் ஒரிஜினல் படத்துல சிவப்பையும் பச்சையையும் தூக்கிட்டு, நீல சேனலை மட்டும் வச்சேன். தூக்கிவாரிப் போட்டுச்சு! குங்குமம் கன்னங்கறுப்பாச்சு. உதடு இருண்டுச்சு. தோல் நிஜத்தைவிட ரெண்டு மூணு மடங்கு கறுத்து, கண்ணுக்குக் கீழே இருக்கற ஒவ்வொரு கோடும் எழுந்து நின்னுச்சு. ஒரு கீறல்கூட சேர்க்கலை. ஆனா அதுதான் பழைய போட்டோ மாதிரி இருந்துச்சு. 2019-ல் வந்த 'தி லைட்ஹவுஸ்' படத்துல நடிகர்கள் முகம் அப்படிக் கரடுமுரடா தெரிய இதே தத்துவம்தான் காரணம். சிவப்பு வெளிச்சத்தைத் தடுக்கற ஒரு ஃபில்டரை அதுக்காகவே செய்யச் சொல்லி, லென்ஸில் மாட்டி எடுத்தாங்க.

வெள்ளைப் புடவை வெள்ளைதானா?

இது வெறும் டெக்னிக் விஷயம் இல்ல. 1868 முதல் 1875 வரை பிரிட்டிஷ் இந்திய அரசு 'தி பீப்பிள் ஆஃப் இந்தியா' என்று எட்டுத் தொகுதிகள் வெளியிட்டது. சாதி வாரியா, பழங்குடி வாரியா 468 படங்கள். மக்களை ரகம் ரகமாப் பிரிச்சுப் பதிவு பண்ற வேலை. அந்தப் படங்கள்ல தெரியற நிறம் அந்த மனுஷங்களோட நிறம் மட்டும் இல்ல, தகட்டோட குருட்டுத்தனமும் அதுல கலந்திருக்கு. பழுப்புத் தோலில் இருந்து திரும்பி வர்ற நீல வெளிச்சம் குறைவு. அதனால படத்துல முகம் இன்னும் இருண்டு போகும். டேட்டாவை எடுத்த சென்சாரே ஒரு பக்கம் சாய்ஞ்சிருந்தா, அதை வச்சு என்ன முடிவு எடுக்க முடியும்?

1873-ல் ஜெர்மனியில் ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல், சாயம் கலந்தால் தகட்டுக்குப் பச்சையும் தெரியும் என்று கண்டுபிடித்தார். அதுக்குப் பிறகும் சிவப்பு தெரியாத ஃபிலிம் பல பத்தாண்டுகள் புழக்கத்தில் இருந்தது. அதனால உங்க வீட்டுப் பழைய ஆல்பத்துல யாராவது வெள்ளைப் புடவையில இருந்தா, உடனே விதவைன்னு முடிவு கட்டாதீங்க. அது வெளிர் நீலமாகவும் இருந்திருக்கலாம். கறுப்பா தெரியற கூரைப் புடவை அரக்குச் சிவப்பா இருந்திருக்கலாம்.

கறை காலத்தோடது

அப்போ பழுப்பு? அந்தக் காலத்துல முட்டை வெள்ளைக்கரு பூசிய காகிதத்தில்தான் பிரிண்ட் போடுவாங்க. புதுசுல அது ஊதா கலந்த பழுப்பா இருக்கும். வருஷம் ஆக ஆகத்தான் மஞ்சளிக்கும், மங்கும். கீறல், பூஞ்சை, மடிப்பு எல்லாம் பெட்டிக்குள்ள கிடந்ததோட தழும்பு. கொள்ளுத்தாத்தாக்கள் கையில வாங்கினது கூர்மையான, சுத்தமான படம். பெரிய கண்ணாடித் தகட்டுல ரோமம் ரோமமா எண்ணலாம்.

முகம் ஏன் இறுக்கமா இருக்கு? வெளிச்சத்தைப் பொறுத்து பல நொடிகள் அசையாம இருக்கணும். தலை ஆடாம இருக்கப் பின்னாடி ஒரு இரும்புத் தாங்கி வேற. அவ்வளவு நேரம் சிரிப்பைப் பிடிச்சு வச்சுப் பாருங்க, புரியும்.

ஆக, நான் ஆப்ல வாங்கினது முதுமையோட மேக்கப்பை மட்டும்தான். 1935-ல எடுத்திருந்தா அந்தக் குங்குமம் கறுப்பா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். சுவர்ல தொங்கற படத்துல அது சாம்பல். விஷயம் தெரிஞ்சவங்க சந்தேகப்பட அது போதும். ஆனா நாளைக்கு ஏஐ அதையும் சரியா செஞ்சுடும். அப்புறம் நிறத்தை வச்சுக் கண்டுபிடிக்க முடியாது. யார் எடுத்தது, எப்போ, யாரை என்ற குறிப்பு மட்டும்தான் மிஞ்சும். அந்தக் கால ஸ்டூடியோக்கள் அட்டையோட பின்பக்கத்துல தங்கள் பேரை அச்சடிச்சது விளம்பரத்துக்காக. இன்னைக்கு வரலாறு படிக்கறவங்களுக்கு அதுதான் ஆதாரம்.

கடைசியா பாட்டிகிட்ட சொல்லிட்டேன். "பாட்டி, அது உங்கம்மா இல்ல. நான்தான்."

ரொம்ப நேரம் படத்தையே பார்த்தாங்க. "எனக்கு எங்கம்மா முகமே ஞாபகம் இல்லடி. யாரோ கொண்டுவந்து கொடுத்தாங்க, இருக்கும்னு நினைச்சுக்கிட்டேன்"னாங்க. அப்புறம், "முதல்ல அந்தப் பூவை எடு. உயிரோட இருக்கறவ படத்துக்குப் போடக் கூடாது."

பூவை எடுத்தேன். '1935' இருந்த அடிப்பகுதியை வெட்டினேன். பின்பக்கம் பென்சில்ல என் பேர், எடுத்த தேதி, மொபைல்ல எடுத்து ஆப்ல மாத்தினதுன்னு எழுதினேன். படம் அதே சுவர்லதான் இருக்கு, பேத்தி போட்டோவா.

உங்க வீட்டுல பேர் எழுதாத பழைய படம் இருந்தா, அடையாளம் சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டு, பின்னாடி எழுதி வைங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.