ஒரு பக்கம் மட்டும் முடித்த கப்பல்



1966இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய 'ஸ்டார் டிரெக்' தொடரின் எண்டர்பிரைஸ், பெயருக்குத்தான் ஆய்வுக் கப்பல், ஆயுதங்களுக்குக் குறைவில்லை. அதை வடிவமைத்த மாட் ஜெஃப்ரிஸ் இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானங்களில் பறந்தவர். பழுதுபார்ப்பவர் விண்வெளியில் தொங்கி உயிரைப் பணயம் வைக்கக் கூடாது, இயந்திரங்கள் உள்ளேயே இருக்கட்டும் என்று நினைத்தார். வெளிப்புறம் அத்தனை வழவழப்பாக இருப்பது அதனால்தான். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

கதைப்படி நீளம் 947 அடி. அதே பெயரில் 1961இல் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த விமானந்தாங்கிக் கப்பலோ 1,123 அடி! கற்பனைதான் சிறியது.

படம்பிடித்த பெரிய மாதிரி 11 அடிதான். விளக்குக் கம்பிகள் இடப்பக்கமாக நுழைந்ததால் அந்தப் பக்கத்தை முழுதாக முடிக்கவில்லை. பெரும்பாலும் வலப்பக்கத்தையே காட்டினார்கள். இப்போது வாஷிங்டனில், விமான விண்வெளி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கே வசிக்கும் பிள்ளைகள் போனால் இடப்பக்கத்தையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.