வேதாளம் சுமந்த தூரிகை

மாதேஸ்வரன் மலையில் எங்களுக்குத் தேங்காய், பழக் கடை. சிவராத்திரிக்கும் யுகாதிக்கும் கூட்டம் நெரியும். மற்ற நாளில் நான் கடைச் சுவரில் அடுப்புக்கரியால் மாதேஸ்வரனின் புலியைக் கிறுக்கி அப்பாவிடம் அடி வாங்குவேன். எனக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. மேட்டூருக்குச் சரக்கெடுக்கப் போகும் அப்பா, பழைய புத்தகக் கடையில் அம்புலிமாமாவைக் கட்டாக வாங்கிப் பாலாறு தாண்டிக் கொண்டுவருவார்.

அதில்தான் அந்தப் படம். ஒரு கையில் வாள், தோளில் பிணம், சுடுகாட்டு இருட்டில் நடக்கும் விக்கிரமாதித்தன். மூலையில் ‘சங்கர்’ என்று கையெழுத்து.

முழுப்பெயர் கே.சி. சிவசங்கரன். 1924ல் தாராபுரம் பக்கத்துக் காரத்தொழுவில் பிறந்தவர். அப்போது கொள்ளேகால் தாலுகாவோடு எங்கள் மலையும் அதே கோயம்புத்தூர் ஜில்லாதான். 1956ல் தான் மைசூர் பக்கம் போனோம். ஒரே ஜில்லாக்காரர் என்று நானாக ஒரு சொந்தம் கொண்டாடிக்கொள்வேன்.

1934ல் குடும்பம் சென்னைக்குப் போனது. முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் டிராயிங் மாஸ்டர் பையனின் கையைக் கவனித்துவிட்டார். பி.ஏ., எம்.ஏ. என்று போகாதே, ஓவியப் பள்ளியில் சேர் என்றாராம். பிள்ளைகள் எல்லாம் குமாஸ்தா வேலையைக் கும்பிட்ட காலத்தில் ஒரு வாத்தியார் அப்படிச் சொன்னது பெரிய காரியம். எழும்பூர் ஓவியப் பள்ளியில் அப்போது முதல்வர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலை அவர் செய்ததே. எலும்பும் தசையும் புரிந்த சிற்பி. சங்கரின் வேதாளத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிலைதான் ஞாபகம் வரும். இல்லாத பேய்தான், ஆனால் அதன் விலா எலும்பை எண்ணிவிடலாம். பிணம் தோளில் தொங்கும் கனத்துக்கு ராஜாவின் இடுப்பு ஒரு பக்கம் சரிந்திருக்கும். கனத்தை நம்பிவிட்டால் பேயையும் நம்பிவிடுகிறோம்.

1946ல் கலைமகள் பத்திரிகையில் 85 ரூபாய்ச் சம்பளம். அம்புலிமாமாவை நாகி ரெட்டியும் சக்ரபாணியும் 1947 ஜூலையில் தொடங்கியிருந்தார்கள். ஐம்பதுகளின் தொடக்கத்தில் சங்கர் அங்கே போனபோது 350 ரூபாய். வடபழனியில் ஒருபக்கம் அவர்களின் வாகினி ஸ்டூடியோ மாயாபஜார் எடுத்தது, இன்னொரு பக்கம் அச்சில் மாயாபஜார். அங்கே அட்டைக்குச் சித்ரா, வட்டாதி பாப்பய்யா போன்ற கைகள் இருந்தன. மகாபாரத அட்டைகள் தீட்டிய எம்.டி.வி. ஆச்சார்யா கன்னடக்காரர். கதை பல மொழியில் போகும், படம் ஒன்றே. அதனால்தான் கன்னடச் சந்தமாமா படித்த என் சிநேகிதனும் நானும் ஒரே வேதாளத்துக்குப் பயந்தோம்.

1998ல் பத்திரிகை ஒருமுறை நின்றது, அடுத்த வருஷக் கடைசியில் திரும்பி வந்தது. சங்கர் மட்டும் அறுபது வருஷம் போல அங்கேயே வரைந்தார். பிறகு ராமகிருஷ்ண விஜயம் பத்திரிகைக்கு. 2020 செப்டம்பரில் போனார். பத்மஸ்ரீ வந்தது 2021ல், அவர் இல்லாதபோது.

நான் போர்டு எழுதிப் பிழைத்தேன். ஃபிளெக்ஸ் வந்த பிறகும் டெம்போக்காரர் சிலர் மாதேஸ்வரனைக் கையால்தான் எழுதச் சொல்கிறார்கள். புலியின் முகமும் வரியும் ஒழுங்காக விழும். பின்னங்கால் மட்டும் இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. அந்த இடத்தில் ஒரு புதரை வைத்துவிடுவேன்.